இருட்டில் பதிவான பதில்கள்

கேமராவுக்கு முன்னால் உட்காரும் முன் டெல்பினா செய்த முதல் வேலை, சன்னலைச் சாத்தியது. இலோய்லோ நகரத்தின் மோலோப் பகுதியில், அந்தச் சந்தில் மூன்று சக்கர வண்டிகள் ஓயாமல் உறுமிக்கொண்டு போகும். எதிர்வீட்டுச் சண்டைச்சேவல் பகலென்றும் பாராமல் கூவும். பாடகராக முடியாமல் போன ஒருவர் பக்கத்து வீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பழைய காதல் பாட்டுகளைக் கொலை செய்துகொண்டிருப்பார். இந்த இரைச்சலில் ஒரு துளிகூடத் தன் குரலோடு கலந்துவிடக் கூடாது. அதற்காகச் சாத்திய சன்னலின் மேல் படுக்கை மெத்தையை நிமிர்த்தி வைத்து, இடுக்குகளில் எல்லாம் துண்டுகளைச் செருகினாள். கணவன் அர்செனியோ மெத்தையின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தான். இருவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை.

"இதுக்கு மேல அடைச்சா மூச்சு முட்டிச் செத்துருவோம்" என்றான் அர்செனியோ.

"மூணே கேள்வி. அதுவரைக்கும் மூச்சப் பிடிச்சுக்க."

"லைட்டு?"

"போடு. கண்ணு உள்ளவங்க பாக்கணும்ல."

அவன் சுவரைத் தடவிச் சுவிட்சை அழுத்தினான். தட்டென்ற ஓசை இருவர் காதிலும் விழுந்தது. டெல்பினா சட்டையின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தாள். உதட்டுச் சாயத்தை விரல்நுனியால் அளந்து பூசியிருந்தாள். முதுகு சுவரில், முகம் கேமராவுக்கு நேரே, கை மேசைமேல். கண்ணுள்ளவர்கள் எதையெல்லாம் எதிர்பார்ப்பார்கள் என்று எண்ணி எண்ணி ஒவ்வொன்றையும் ஆயத்தம் செய்திருந்தாள்.

வீட்டிலிருந்தே தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை அது. இலோய்லோ நகரத்தில் எத்தனையோ பேர் அந்த வேலையில் பிழைக்கிறார்கள். குரலால் செய்யும் வேலை. காதால் செய்யும் வேலை. தட்டச்சுத் தேர்வில் தேறினாள். கேட்டு எழுதும் தேர்வில் முதல் வரிசையில் வந்தாள். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்: நிறுவனத்தின் இணையதளம் கேள்வி கேட்கும், விண்ணப்பித்தவர் பதிலைக் காணொளியாகப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும்.

கண்ணில்லாதவர்க்குக் கை ஒன்றே பிழைப்பு என்று இந்த நாடு எப்போதோ முடிவு கட்டிவிட்டது. படித்தாலும் கை, பட்டம் பெற்றாலும் கை. ஆசிரியப் பயிற்சி முடித்த டெல்பினாவும் அங்காடியின் இரண்டாம் மாடியில், பார்வையற்றோர் சங்கம் போட்ட நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று, ஊரார் தோள்களைப் பிடித்துவிட்டே இளமையைக் கழித்தாள். அந்தக் கை இப்போது கைவிட்டது. வலது பெருவிரலின் மூட்டு தேய்ந்துபோயிற்று. இனி அழுத்தினால் விரலே மடங்காமல் போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர்கள் குடியிருந்த அறையோ சங்கத்தின் அறை. கணவன், மனைவி இருவரும் உழைத்தால் தனியறை. ஒருவர் உழைப்பு நின்றால் உழைப்பவனுக்கு ஆண்கள் கூடத்தில் ஒரு கட்டில், மற்றவருக்கு இடமில்லை. இந்த வேலை கிடைத்தால் வெளியே சொந்தமாக ஒரு வீடு பார்ப்பார்கள். கிடைக்காவிட்டால் அவள் அந்தீக்கே மாகாணத்தின் மலையோரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அர்செனியோ, தோள் பிடித்துவிடும் தன் பிழைப்பு இருக்கும் நகரத்திலேயே கிடக்க வேண்டும். மணமானவர்களைப் பிரிக்கக் கூடாது என்று கோயிலில் பாதிரியார் சொன்னார். சங்கத்தின் விதிப்புத்தகம் அவரைக் கேட்கவில்லை.

மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. கேட்டுப் பழகாதவருக்கு அதன் வேகம் எண்ணெயில் கடுகு பொரிவதைப்போல இருக்கும். அர்செனியோ அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தான். அந்த வாயாடிதான் அவளுடைய கண்.

இணையதளம் திறந்ததும் வாயாடி வாயைத் திறந்தது. மறுநொடியே யாரும் வேண்டாத இசை ஒன்று தானாகப் பொங்கி எழுந்து அதை அமுக்கிவிட்டது. நரம்புக்கருவியின் துள்ளல், கைதட்டல், யாரோ சீழ்க்கை அடிக்கும் ஒலி. அடியில் புதைந்த வாயாடி எதையோ சொல்லிக்கொண்டே போயிற்று. இசையை நிறுத்தும் இடம் எது என்று அறிய வாயாடியின் சொல் கேட்க வேண்டும். வாயாடியின் சொல் கேட்க இசை நிற்க வேண்டும். டெல்பினா மேசையில் குனிந்து, காதைக் கணினியின் ஒலிபெருக்கியோடு ஒட்டி, விசை விசையாகத் தேடினாள்.

"பட்டன். பட்டன். பட்டன். பட்டன்" என்றது வாயாடி, இசைக்கு அடியிலிருந்து.

"எதுக்கு என்ன பேருன்னு சொல்லாதாமா?" என்றான் அர்செனியோ.

"பேரு வைக்கல. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பேரு."

"எங்க அம்மாவே பரவால்ல. எட்டுப் பெத்தாலும் எட்டுக்கும் பேரு வச்சா."

ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். முதலாவது இசையை நிறுத்தும். மூன்றாவது பதிவைத் தொடங்கும். ஐந்தாவது முடித்து அனுப்பும். இரண்டாவது எதற்கு என்று விளங்கவில்லை. அதை அழுத்தினால் பக்கமே தொடக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே அதைத் தொடக் கூடாது. வாசலில் எழுதி வைத்திருப்பதை மற்றவர்கள் வாசித்துவிட்டு நுழைகிற வீட்டுக்குள், இவள் சுவரில் தலை முட்டி முட்டி வழி கண்டாள். கண்டுவிட்டோம் என்ற பெருமிதமும் அவள் முகத்தில் இருந்தது.

பதிவு செய்யும் முன் பார்க்க வேண்டும் என்று ஒரு விளக்கக் காணொளியை வைத்திருந்தார்கள். ஓடவிட்டாள். மறுபடி அதே துள்ளல் இசை. பேச்சு தொடங்கும் என்று காத்திருந்தாள். இசை முடிந்தது, காணொளியும் முடிந்தது. மீண்டும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"ஒரு வார்த்தை இல்ல சென்யோ. வெறும் பாட்டு."

"வேலைக்குக் கூப்பிடுறாங்களா, டான்ஸ் ஆடக் கூப்பிடுறாங்களா?" என்றான் அர்செனியோ.

"எழுத்துல காட்டுவாங்களோ என்னமோ."

"நமக்கு எதுக்குக் காட்டுறாங்க?"

"நமக்குக் காட்டல."

அவள் ஐயம் சரிதான். முகத்தில் வெளிச்சம் விழட்டும், அறையில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், திரையில் தோன்றும் எச்சரிக்கையைக் கவனியுங்கள் என்று சொல்ல வேண்டியதை எல்லாம் அந்தக் காணொளி சிரித்த முகங்களாலும் நகரும் எழுத்துகளாலும் சொல்லி முடித்திருந்தது. சொல்லாத ஒன்றை அவள் எப்படிக் கேட்பாள்?

மூன்றாவது பட்டனை அழுத்தினாள். முதல் கேள்வி அவளைப் பற்றி. இரண்டாவது, ஏன் இந்த வேலை. இரண்டுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள். மூன்றாவது: கோபத்தோடு வந்த ஒருவரை எப்படிச் சமாளித்தீர்கள்?

டெல்பினா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"ஒரு நாள் ஒருத்தர் என் நாற்காலியில வந்து உக்காந்தார். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு அப்பத்தான் கவனிச்சார் போல. எந்திரிச்சிட்டார். என் முதுகப் பாக்கத் தெரிஞ்ச ஆள அனுப்புங்கன்னு சத்தம் போட்டார். நான் சொன்னேன், ஐயா, முதுகு தெரியும், வலி யாருக்குமே தெரியாது, எங்க வலிக்குதுன்னு நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன். அவர் சொல்ல ஆரம்பிச்சார். முதுகுல ஆரம்பிச்சு மகன்கிட்டப் போய் முடிஞ்சது. மகன் கடல்ல வேலைக்குப் போயிட்டு போனே பண்றதில்லையாம். நான் கைய வச்சது கொஞ்ச நேரந்தான். மிச்ச நேரமெல்லாம் கேட்டேன். கோபப்படுற மனுசன் பதில் கேட்டு வர்றதில்ல. காது கேட்டு வர்றான்."

ஐந்தாவது பட்டன். கணினி இனிமையாக ஒரு மணி அடித்தது. "அனுப்பப்பட்டது" என்றது வாயாடி.

அர்செனியோ மூலையில் உட்கார்ந்து மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "நானே உன்ன வேலைக்கு எடுத்திருப்பேன்" என்றான்.

அன்று இருவரும் லா பாஸ் சந்தைக்குப் போய்ப் பாச்சொய் குடித்தார்கள். கொதிக்கும் குழம்பில் நூடுல்சும் ஈரலும் மேலே நொறுங்கும் பன்றித்தோலும். தோலை எண்ணிப் பங்கு வைக்கும் வழக்கமுள்ள அர்செனியோ அன்று எண்ணவில்லை. எந்தத் தெருவில் வீடு பார்ப்பது என்று பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

அதே வாரத்தில் மறுமொழி வந்தது. வாயாடி அதை ஒரே மூச்சில் கொட்டியது: தங்கள் காணொளி, தரத்துக்கான நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை; தங்கள் விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டது; தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. டெல்பினா வாயாடியின் வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்டாள். மெல்லச் சொன்னபோதும் சொல் மாறவில்லை.

சத்தம் ஏதோ புகுந்திருக்கும் என்றுதான் அவள் முதலில் எண்ணினாள். சேவலா, பாடகரா என்று மனம் தேடியது. நிறுவனத்துக்குப் போன் செய்தாள். எந்திரக் குரல்களைக் கடந்து ஒரு பெண் வந்தாள். ஷார்மேன் என்று தன் பெயரைச் சொன்னாள். இளங்குரல்.

"உங்க குரல் ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். சத்தமே இல்ல. ஆனா படம் முழுக்கக் கறுப்பு."

"கறுப்புன்னா?"

"இருட்டு மேடம். ஒண்ணுமே தெரியல. உங்க உருவங்கூட இல்ல."

"லைட்டு போட்டிருந்தோமே."

"எரியலியோ என்னமோ. நீங்க பேசும்போதே மேல சிவப்பு எழுத்துல வந்துகிட்டே இருந்திருக்கும் மேடம், முகம் தெரியலை, வெளிச்சத்துக்கு வாங்கன்னு. மூணு பதிலுக்கும் வந்திருக்கு."

"எனக்கு வரல. என் கம்ப்யூட்டர் எழுத்த வாயால படிக்கும். அது எதுவும் படிக்கல."

"அது படத்துக்குள்ள இருக்குற எழுத்து மேடம். படிக்காதுன்னு நினைக்கிறேன்."

"எனக்குக் கண்ணு தெரியாதுன்னு விண்ணப்பத்துல போட்டிருக்கேன்."

"பாத்தேன் மேடம். அதனாலதான் வேற யார்கிட்டயும் தள்ளிவிடாம நானே பேசுறேன்."

"இது போன்ல பேசுற வேலைதானே. என் முகத்த யாரு பாக்கப் போறா?"

"ஆள் அதே ஆளான்னு முகத்த வச்சுத்தான் சிஸ்டம் சரிபாக்குது. முகம் இல்லன்னா மனுசங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அது தள்ளிருது."

"நான் இப்பவே ஜீப்னி வண்டி ஏறி வரேன். நேர்ல பாத்துக்கோங்க."

"ஃபைல் மூடிருச்சு மேடம். என்னால திறக்க முடியாது. இங்க யாராலயும் முடியாது. இடமும் நிரம்பிருச்சு." பிறகு, "அடுத்த தடவ கண்ணு தெரிஞ்ச ஒருத்தரப் பக்கத்துல வச்சுக்கோங்க" என்றாள்.

"அப்படி ஒருத்தர் பக்கத்துலயே இருந்தா, அந்த வேலைய அவருக்கே குடுத்திருக்கலாமே மேடம்."

ஷார்மேன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க மூணாவது பதிலக் கேட்டேன். திரும்பவும் போட்டுக் கேட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள். அந்தப் பாராட்டுக்கு நன்றி சொல்லி டெல்பினா போனை வைத்தாள்.

அர்செனியோ நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது. விளக்கைத் தொட்டான். எரியும் விளக்கு கொஞ்சமாவது சுடும். அது தண்ணீர்க் குடம்போலக் குளிர்ந்து கிடந்தது. இறங்கி வந்து, வாசலுக்குப் போய், எதிர்ச்சாரியில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பாசிலிசாவைக் கூப்பிட்டான்.

"பாசிங் அக்கா, கொஞ்சம் வந்து சொல்லுங்க. இந்த லைட்டு எரியுதா?"

அவள் வாசற்படியில் நின்றபடியே பார்த்தாள். "எங்க எரியுது. முனையெல்லாம் கருகிக் கிடக்கு. கிறிஸ்துமஸ்லேர்ந்தே உங்க ரூமு இருட்டாத்தானே இருக்கு."

"ஏன் அக்கா சொல்லல?"

"என்னத்தச் சொல்ல. உங்களுக்கு எதுக்கு லைட்டு? கரண்டு மிச்சம்னு நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

"நாங்க தினமும் போட்டோம் அக்கா" என்றான் அர்செனியோ. "பொழுது சாஞ்சா ரேடியோ மணி சொல்லும்ல, உடனே எந்திரிச்சுப் போடுவேன். யாராச்சும் வந்தா தடுமாறக் கூடாதுன்னு. வர்ற உங்களுக்காகத்தான் போட்டோம்."

பாசிலிசா உடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். புது விளக்கு ஒன்று கடையிலிருந்து எடுத்து வரட்டுமா, பணம் வேண்டாம் என்று கேட்டாள். அர்செனியோ நாற்காலியை மறுபடி மேசையடியில் தள்ளினான். அவள் போய்விட்டாள்.

சங்கத்து அறைகளில் அது எழுதாத ஒழுக்கம். அந்தி சாய்ந்தால் விளக்கேற்ற வேண்டும். உள்ளே மனிதர் வாழ்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரிய வேண்டும். தமக்குப் பயன்படாத ஒளியைப் பிறர்க்காக இருவரும் மாலைதோறும் ஏற்றினார்கள். அந்தத் தெருவில் கண்ணுள்ளவர் எத்தனை பேர் நடந்தார்கள். தண்ணீர்க் குடுவை கொண்டுவருகிறவர் பார்த்தார். மின்கணக்கு எடுப்பவர் பார்த்தார். பிரார்த்தனைக்கு அழைக்க வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்தவர் எல்லாம் பார்த்ததோடு போனார்கள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. காட்டிவிட்டால் சொன்னதாகும் என்று நினைக்கும் ஊர். அந்த ஊர் கட்டிய இணையதளம். சிவப்பு எழுத்தும் கருகிய விளக்கும் ஒரே நெஞ்சிலிருந்து பிறந்தவை. அந்த நெஞ்சில் பகை இல்லை, வஞ்சம் இல்லை. இப்படி ஒருவர் இருக்கக் கூடும் என்ற நினைப்பே இல்லை. பகையோடு போராடலாம். நினைப்பில் இல்லாதவள் எவரோடு போராடுவது?

"சன்னல நான்தான் அடைச்சேன்" என்றாள் டெல்பினா. "மெத்தைய வைக்கலன்னா பகல் வெளிச்சமாச்சும் விழுந்திருக்கும்."

"சுவிட்ச நான்தான் போட்டேன்."

"சத்தம் வராம இருக்கணும்னு நெனச்சேன் சென்யோ. கேக்குற வேலைன்னு சொன்னாங்களேன்னு."

அவள் சும்மா இருந்துவிடவில்லை. இணையதளத்தில் குறைகள் தெரிவிக்கும் பக்கம் ஒன்று இருந்தது. நடந்ததை எல்லாம் வரிவரியாகத் தட்டினாள். எந்தப் பட்டனுக்குப் பெயரில்லை, எந்த இசை தானாக ஓடுகிறது, எந்த எச்சரிக்கைக்குக் குரலில்லை என்று எழுதினாள். இவற்றைச் சரிசெய்தால் தனக்கு அடுத்து வருகிறவராவது பிழைப்பார் என்று முடித்தாள். அனுப்பும் இடத்தில் வாயாடி ஒரு நிபந்தனையைப் படித்தது: தாங்கள் எந்திரம் அல்ல, மனிதர் என்பதை உறுதிசெய்ய, போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும்.

"படம். படம். படம். படம்" என்றது வாயாடி.

"என்னவாம்?" என்றான் அர்செனியோ.

"நான் மனுசின்னு காட்டணுமாம்."

"காட்டு."

"எந்தப் படத்துல சிக்னல் லைட்டு இருக்குன்னு கண்டுபிடிச்சா மனுசியாம்."

அவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். அவள் குத்துமதிப்பாக நான்கைத் தேர்ந்தாள். தவறு என்றது. மறுபடி தேர்ந்தாள். மறுபடி தவறு. பக்கம் தானாக மூடிக்கொண்டது. தட்டிய வரிகள் அனைத்தும் அதோடு போயின. அவள் மடிக்கணினியை மூடிவைத்தாள்.

அங்காடிக்கும் போய்ப் பார்த்தாள். பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். முதலில் வந்த பெண்மணி, "கொஞ்சம் அழுத்துங்க" என்றாள். பிறகு, "இன்னும் கொஞ்சம்" என்றாள். டெல்பினா பல்லைக் கடித்து அழுத்தினாள். விரல் தாங்காமல் நழுவியது. "வேணாம், விடுங்க" என்று அந்தப் பெண்மணி பரிவோடு எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டாள். சங்கத்தின் தலைவர், அவரும் பார்வையற்றவர்தான், டெல்பினாவின் தோளில் கை வைத்தார். விதியை மாற்றினால் வரிசையில் காத்திருக்கும் தம்பதிகளுக்கு என்ன சொல்வேன் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

பேருந்து நிலையத்தில் அர்செனியோ அவள் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குள்ளும் கூட வந்தான். அவனுடைய சாமான்கள் காலையிலேயே ஆண்கள் கூடத்துக்குப் போய்விட்டன.

"அங்க ஆறு பேரு குறட்டையாம்" என்றான்.

"நீ ஒருத்தன் போதும். அவங்க எல்லாம் வாய மூடிக்குவாங்க."

"அண்ணி ஏதாச்சும் சொன்னா பதில் பேசாத."

"நான் எதுக்குப் பேசுறேன். சோறு போடுறவங்க."

"ஞாயித்துக்கெழம போன் பண்ணு."

"மலைல சிக்னல் கெடச்சா."

"கெடைக்கிற எடத்துக்கு நடந்து போ டெல்பி."

"வழி யாரு காட்டுவா?"

அர்செனியோ அவள் கையைப் பிடித்து, தேய்ந்த பெருவிரலின் மூட்டைத் தொழில் தெரிந்தவனுடைய விரல்களால் மெல்ல நீவிவிட்டான். நடத்துநர் சீழ்க்கை அடித்தார். அவன் இறங்கினான். அவனுடைய கைத்தடி தரையைத் தட்டும் ஓசை கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு மற்ற ஓசைகளில் கரைந்துபோயிற்று.

ஊர் எல்லை தாண்டியதும் ஓட்டுநர் முன்பக்கத் தொலைக்காட்சியை முடுக்கினார். ஏதோ ஒரு நகைச்சுவைப் படம். பேச்சு கொஞ்சம் வந்தது. பிறகு பேச்சு நின்று, இசை மட்டும் ஓடியது. பேருந்து முழுவதும் வாய்விட்டுச் சிரித்தது. பின்னிருக்கையில் ஒருவர் கைதட்டினார். டெல்பினாவும் என்னவென்று அறிய விரும்பினாள். பக்கத்தில் இருந்த பெண்ணின் முழங்கையைத் தொட்டாள்.

"என்ன நடக்குது அக்கா?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். சொல்ல முயன்றாள். இரண்டு சொல் தொடங்கி விட்டுவிட்டாள்.

"அதச் சொல்ல முடியாதும்மா. பாத்தாத்தான் சிரிப்பு வரும்."

"சரிக்கா" என்றாள் டெல்பினா.

பேருந்து மறுபடி சிரித்தது.